நான் இல்லாதபோது பேசியது

1993இல் நான் திண்டிவனம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர். கர்ப்பப்பையில் கட்டி, விழுப்புரத்தில் ஆபரேஷன் என்று முடிவானபோது கத்திக்கு நான் பயப்படவில்லை. மயக்க ஊசிக்குத்தான் பயந்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வந்தார்.

"தூங்கத்தானே வைப்பீங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "தூக்கம் இல்லம்மா. தூங்குறவங்களத் தட்டினா எழுந்துக்குவாங்க. இதுல மூளையில ஒரு பக்கம் பேசறது இன்னொரு பக்கத்துக்குப் போகாது. உங்க எக்சேஞ்சுல லைன் எல்லாம் இருக்கும், கனெக்‌ஷன மட்டும் எடுத்துட்ட மாதிரி."

வேறு யாருக்காவது இது ஆறுதலாக இருந்திருக்கும். நான் பதினோரு வருடம் ஊர் ஊராக லைன் இணைக்கும் போர்டின் முன்னால் உட்கார்ந்தவள். இடி இடித்து லைன் போய்த் திரும்பினால், பிரம்மதேசத்துக்குப் போட்ட கால் ஒலக்கூர் ரைஸ் மில்லில் போய் அடிக்கும். என் தலைக்குள்ளும் அப்படி ஆனால்? கண் விழிப்பவள் நான்தானா என்று யார் பார்த்துச் சொல்வது?

அறுந்த லைன் திரும்பினால் டெஸ்ட் பண்ணாமல் விடமாட்டோம். என்னையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி, துணைக்கு வந்திருந்த சக ஆபரேட்டர் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு முழிச்சதும் நம்ம போர்டுல மேல் வரிசை ஊருங்களக் கேளுக்கா. ஒண்ணு தப்பினாலும் டாக்டரக் கூப்பிடு."

"பைத்தியமாடி உனக்கு? சும்மா பேஜாரு பண்ணிக்கினு" என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் ஆபரேஷன் மேசையில் படுத்தேன். டாக்டர் ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார். நான் ஊர்களைச் சொன்னேன். மூன்றாவது ஊர் வாயில் இருந்தது.

அடுத்து, ஜன்னலில் சாயங்கால வெயில். நடுவில் ஒன்றுமே இல்லை, இருட்டுகூட இல்லை. வயிறு எரிந்தது. எனக்குத் தரக்கூடாத சாத்துக்குடியை அக்கா உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"ஊருங்களக் கேளுக்கா, ஜல்தி" என்றேன்.

"எத்தனை தரம்டி கேக்கறது? மதியமே கேட்டேனே. கண்ணத் தொறந்து என்னையே பாத்துக்கினு, மொத்தமும் கரெக்டா சொன்னியே."

மதியம் நான் எங்குமே இல்லை. நான் இல்லாமலேயே என் குரலில் ஒருத்தி எல்லா ஊரையும் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள். இப்போது நான் சரியாகச் சொன்னாலும் அதை வைத்து என்ன தெரிந்துவிடும்?

அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். "நான்தானேக்கா?"

அவள் சுளையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னாள். "மதியமும் இதையேதான்டி கேட்ட."