டிரில் மாஸ்டர் நடத்திய ஆங்கிலம்

ஆங்கில ஆசிரியை பிரசவ விடுப்பில் போன அன்றுதான் டிரில் மாஸ்டருக்கு முதன்முதலாக மைதானத்துக்கு வெளியே ஒரு வேலை வந்தது. அதுவரை அவர் அறிந்த உலகம் ஒரு மைதானம், ஒரு விசில், காற்று நிற்காத சில பந்துகள், மழை பெய்தால் ஒழுகும் சாமான் அறை, அவ்வளவுதான். இளமையில் நன்றாக ஓடியவர். முழங்கால் மக்கர் செய்த பிறகு ஊரார் பிள்ளைகளை ஓடவிட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கோபக்காரர் என்று பெயர். சத்தம்தான் பெரிது, மனசு வெறும் பஞ்சு.

தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"பரீட்சை வரைக்கும் இங்கிலீஷ் கிளாஸை நீங்க பாத்துக்கோங்க சார். புதுசா ஒண்ணும் நடத்த வேண்டாம். அந்த ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச், உவமை உருவகம்னு வருமே, அந்த அணிகளை மட்டும் ஒரு தடவை திருப்பிவிட்டா போதும்."

"மேடம், எனக்கு இங்கிலீஷ்ல 'ரெடி, ஸ்டெடி, கோ' தவிர..."

"நீங்க சொன்னாதான் சார் பசங்க கேக்குறாங்க."

அந்த ஒரு வார்த்தையில் மனிதர் கவிழ்ந்துவிட்டார்.

அன்று மாலை சமையலறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உவமையான சிமிலி புரிந்தது, உருவகமான மெட்டஃபர் புரிந்த மாதிரி இருந்தது, சொல்வது ஒன்று பொருள் வேறொன்று என்கிற ஐரனிக்கு வந்ததும் தலை சுற்றியது. மருந்துக் கடை வேலை முடிந்து வந்த மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கே பிடிபடலையே, பிள்ளைங்களுக்கு எப்படிங்க சொல்லுவீங்க?"

"டிரில் மாதிரிதான். புரியணும்னு இல்ல, பழகினா போதும்."

அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

பழைய வினாத்தாள்களைப் புரட்டும்போது அவர் கண்ணில் ஒன்று பட்டது. ஆறு வரிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன அணி என்று கேட்கும் கேள்வி. எந்த வருடத்துத் தாளை எடுத்தாலும் விடைகள் ஒரே வரிசை: சிமிலி, மெட்டஃபர், பர்சானிஃபிகேஷன், அலிட்டரேஷன், ஹைபர்போலி, ஐரனி. கேள்வி எடுக்கிற புண்ணியவான் சரியான சோம்பேறி. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வரிசை என்றால் அது அவருடைய ராஜ்ஜியமல்லவா!

மறுநாள் ஆங்கில வகுப்பு மைதானத்துக்கு வந்தது. ஆறு ஆறு பேராக நிறுத்தி விசில் ஊதினார். முதல் ஆள் ஓரடி முன்னால் வந்து "சிமிலி!" என்று கத்த வேண்டும், அடுத்தவன் "மெட்டஃபர்!" கடைசியில் நின்றவள் தவளை. நீளம் தாண்டுவதில் அவளை அடிக்க ஆளில்லை என்பதால் வந்த பெயர். ஆங்கிலத்தில்தான் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வுவாள். அவள் அப்பா, ஸ்கூட்டர் மெக்கானிக், கிரீஸ் கையோடு பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இந்தத் தடவையும் போச்சுன்னா தையல் கம்பெனிக்கு அனுப்பிடுவேன் சார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." அந்த ஆறு மார்க் விழுந்தால் அவள் கரை சேர்ந்துவிடுவாள். மாஸ்டர் இத்தனை பாடுபட்டதே முக்கால்வாசி அவளுக்காகத்தான்.

"சார், ஐரனின்னா என்ன சார்?" என்று தவளை கேட்டாள்.

"அது ஆறாவது."

"இல்ல சார்... கடல் கோவிச்சுக்கிச்சுன்னு போட்டிருந்தா அது பர்சானிஃபிகேஷன்தானே? கடல் என்ன மனுஷனா கோவிச்சுக்க?"

"யோசிக்காதே. யோசிச்சா குழம்பும். வரிசையை விடாதே, போ!"

அவள் சிரித்துக்கொண்டே போய் வரிசையில் நின்றாள்.

பாடம் நடத்துகிறவரை அந்தத் தேர்வுக்குக் காவல் போடக் கூடாது என்பது விதி. ஆனால் பதிவேட்டில் அவர் விளையாட்டு ஆசிரியர்தானே, அதனால் ஆங்கிலத் தேர்வன்று அவரையே அந்த அறைக்குக் காவல் போட்டார்கள். வெளியிலிருந்து வந்த மேற்பார்வை அம்மாள் கதவோரம் நின்றார். தாளை வினியோகித்துவிட்டு, கையில் மிஞ்சியதை மாஸ்டர் பிரித்துப் பார்த்தார்.

முதல் வரி: கதவு பெருமூச்சு விட்டது.

அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. இத்தனை நாள் மண்டையில் ஏறாத அணிகள் அப்போது பார்த்து ஒவ்வொன்றாகப் பளிச்சென்று புரிந்து தொலைத்தன. அறை முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. ஒருவரும் வரியைப் படிக்கவில்லை. 'சிமிலி, மெட்டஃபர்' என்று உதடுகள் மட்டும் அசைந்தன. சொன்னபடி கேட்கிற பிள்ளைகள். வாயைத் திறந்தால் அறையில் இருக்கும் அத்தனை பேர் தாளும் செல்லாது.

நடக்கிற சாக்கில் தவளையின் மேசைப் பக்கம் போனார். அவள் வரியைப் படித்திருந்தாள். முதல் விடையாக, பெரிய கோணல் எழுத்தில், பர்சானிஃபிகேஷன் என்று எழுதியிருந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'அதேதான்டி ராசாத்தி, அப்படியே போ' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பின்னால் மேற்பார்வை அம்மாளின் செருப்புச் சத்தம் நெருங்கியது. மாஸ்டர் தலையை அசைக்கவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வியர்த்து இறுகிப்போய் நின்றார். மைதானத்தில் யாராவது வரிசை தவறினால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எழுதியதை அழுத்தமாக அடித்துவிட்டு, பக்கத்தில் சிமிலி என்று எழுதினாள். பிறகு, சரிதானே சார் என்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.