ஷூ போட்டு ஒரு படம்

அம்மாவின் பழைய செல்போனில் ஒரு படம் இருக்கிறது. குடவாசலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசல். ஆறாம் வகுப்புச் சீருடையில், கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நான் சிரித்தபடி நிற்கிறேன். அந்த ஷூ என்னுடையது அல்ல.

அப்பாவும் அம்மாவும் விவாகரத்து வாங்கியபோது, என் செலவுக்கு அப்பா மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவானது. ஆனால் அப்பா துபாயில் இருந்தார். அவர் கட்டாமல் விட்டால் அம்மா மறுபடி மனுப் போட வேண்டும், வக்கீலைப் பார்க்க வேண்டும், உரக்கடையில் பில் போடும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அலைய வேண்டும். அதனால், கோர்ட் சொல்லாத ஒரு நிபந்தனையை அப்பா போனில் போட்டபோது அம்மா ஒத்துக்கொண்டாள். “காசு புள்ளைக்குத்தான் போவுதான்னு எனக்குத் தெரியணும். வாங்குனதோட அவள நிக்க வச்சு போட்டோ அனுப்பு.” அன்றுமுதல் நோட்டு, குடை, பாவாடை என்று எதையாவது பிடித்துக்கொண்டு நின்றேன். பிடிபட்ட பொருளோடு போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர்களைப் பேப்பரில் பார்த்தால் இன்றும் எனக்கு முகம் சுடும்.

அந்த ஜூன் மாதம் ஷூவுக்கென்று வந்த பணம் அம்மாவின் காய்ச்சலுக்குப் போய்விட்டது. எனக்குச் சோறு போட அம்மா எழுந்து நடமாட வேண்டும் என்பது அப்பாவின் கணக்கில் வராது. பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணின் ஷூவை இரவல் வாங்கினோம். கால் நுழையவில்லை, பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு நின்றேன். “சிரிடி, அப்பா பாக்கணும்ல” என்றாள் அம்மா. படம் எடுத்து முடியும்வரை அந்தப் பெண் வெறுங்காலோடு ஓரமாகக் காத்திருந்தாள். ராத்திரி வாட்ஸ்அப்பில் அப்பாவின் குரல் வந்தது: “ஷூ நல்லாருக்கு, தங்கம். பத்திரமா வச்சுக்க.” அந்தத் ‘தங்கம்’தான் என்னைக் கூசவைத்தது.

இப்போது அப்பா நன்னிலத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். சர்க்கரை முற்றி, காலில் புண். நான் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறேன், மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன். இதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடவில்லை. டாக்டர் சொன்ன மெத்துச் செருப்புக்குப் போன மாதம் தனியாக அனுப்பினேன். “வாங்கிட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் படம் வந்தது. காயப்போட்ட நெல்லுக்கு முன்னால், செருப்பு தெரிகிற மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா சிரிக்கிறார். கூடவே அவர் குரல்: “வாங்கிட்டேம்மா. வேற எதுக்கும் செலவு பண்ணல.” அதைக் கேட்டதும் உள்ளுக்குள் எனக்கு இனித்தது. அந்த இனிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டை இறுகி விரல்கள் பிதுங்கியிருந்தன. குதிகால் செருப்புக்கு வெளியே மண்ணில் இருந்தது.

என்னென்னவோ எழுதி அழித்தேன். கடைசியில், “செருப்பு நல்லாருக்குப்பா” என்று மட்டும் அனுப்பினேன். அன்று என் படத்தை அவரும் பெரிதாக்கிப் பார்த்திருப்பாரோ என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.