கோப்பி என்று நான் சொன்னது

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்கில் இருபத்து நான்கு வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் பதிவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, மருந்து உறையின் மேல் "சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதுவது, இவ்வளவுதான் என் வேலை. நான் நர்ஸுக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் என்னை "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் திருத்தியதில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் என் கைப்பேசிதான் அடிக்கும். நானும் டாக்டர் மாதிரியே "எத்தனை நாளா?" என்று ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் வீடு பண்டமாரானில். என் கணவர் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நாள் முழுக்கக் குலுங்கிக் குலுங்கி அவருக்கு முட்டி போய்விட்டது. படி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவார். டாக்டரிடம் வாங்க என்றால், "வீட்டுலயே மிஸ்ஸி இருக்கா, எனக்கு எதுக்குலா டாக்டரு?" என்பார். கேலிதான் செய்தார். அந்தக் கேலியில் எனக்கு உச்சி குளிர்ந்தது. எனக்கு முதுகு வலி என்று எங்கள் டாக்டரிடம் பொய் சொல்லி வலி மாத்திரை வாங்கினேன். அதைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் தொடக்கூடாத மாத்திரை. நான் மாதக்கணக்கில் கொடுத்தேன்.

உறையின் மேல் "சாப்பாட்டுக்குப் பின்" என்று அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். விடிவதற்கு முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிற மனிதர் எந்தச் சாப்பாட்டுக்குப் பின் போடுவார்? பக்கத்திலேயே படுத்து எழுந்தவள், எனக்கு அது தோன்றவில்லை. வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வலி தெரியாமல் வேலை செய்ய முடிந்தது. எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

பிறகு வயிறு எரிகிறது என்றார். காற்று என்றேன். கரி மாத்திரை வாங்கி வந்தேன். வயிறு உப்புசத்துக்கு இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கும், போட்டால் மலம் கறுப்பாகப் போகும். சில நாள் கழித்து அவர் தயங்கித் தயங்கி, "மா, கறுப்பா போவுது, தாரு மாதிரி ஒட்டுது" என்றார். நான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "கரி மாத்திர போட்டா அப்டித்தான்" என்றேன். அவர் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்தது, அதுதான் என் வியாதி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. எப்போதும் போல் காலையில் முச்சந்தியில் தெருவோரமாக இருக்கிற ஒட்டுக்கடைக்குப் போய் நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்தவர் நேராகப் பின்பக்கம் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டு நானும் போனேன். சிங்க்கில் கறுப்பாகக் கிடந்தது, அடியில் பொடிப்பொடியாகத் தங்கியிருந்தது. அந்தக் கடையில் துணிப்பையில் வடிகட்டுகிற கோப்பி-ஓ, பால் சேர்க்காத கறுப்புக் கோப்பி, அதைத்தான் அவர் இருபது வருடமாகக் குடிக்கிறார். எனக்குக் கோபம் வந்தது.

"வெறும் வயித்துல கோப்பியா? எத்தன தடவ சொல்றது?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். நான் குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். டாக்டர்கள் பார்த்திருக்க வேண்டியதை என் கையாலேயே சாக்கடைக்கு அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை சில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது. எழுந்து நிற்கப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பயந்து வாடகைக் கார் வரவழைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவசரப் பிரிவுக் கவுண்டரில் சீருடை போட்ட ஒரு மலாய்க்காரத் தம்பி இருந்தார். நல்ல மாதிரி. என்ன வாந்தி, என்ன நிறம் என்று மலாயில் கேட்டார். அவருக்கும் கவுண்டர் வேலை, எனக்கும் கவுண்டர் வேலை. ஒரே தொழில்காரர்கள் பேசிக்கொள்கிற தோரணையில் சொன்னேன்.

"காஸ்ட்ரிக்தான். வெறும் வயித்துல குடிச்சிட்டாரு. கோப்பி சாஜா." எல்லாவற்றையும் மலாயில்தான் சொன்னேன்; கோப்பி சாஜா என்றால் வெறும் கோப்பிதான்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லி வாங்கிய மாத்திரை, யாராவது எங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டால் என்னாவது என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிதான். இரத்த அழுத்தம் பார்த்தார், பரவாயில்லை. நாடி வேகமாக அடிக்கிறதே என்றார். பயந்த சுபாவம் என்று அதற்கும் நானே காரணம் சொன்னேன். பச்சைச் சீட்டு கொடுத்தார். கிரீன் ஜோன் என்றால் உயிருக்கு ஆபத்தில்லாதவர்கள் காத்திருக்கிற இடம். நான் சொன்னதை வைத்து யாராக இருந்தாலும் அந்தச் சீட்டைத்தான் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். கால் சுளுக்கியவர்கள், சளி பிடித்த குழந்தைகள். அவர் என் தோளில் சாய்ந்திருந்தார். தாகமாக இருக்கிறது என்றார். தண்ணீர் வாங்க எழுந்தேன். திரும்புவதற்குள் பின்னால் ஒரு பெண் அலறினாள்.

இந்த முறை கறுப்பு இல்லை. சிவப்பு, நல்ல சிவப்பு, கட்டி கட்டியாக. சட்டை முழுக்க, தரை முழுக்க. ஒரு மனிதனுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓடி வந்தார்கள், தள்ளுகட்டிலில் போட்டார்கள், ரெட் ஜோன் கதவு திறந்து மூடியது. என் செருப்பு நனைந்திருந்தது.

வெளியே வந்து என்னிடம் பேசியவர் ஒரு இளம் டாக்டர், தமிழ்ப் பெண். "வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாரா ஆன்டி?" என்று கேட்டார். இப்போது சொன்னேன். எத்தனை மாதம் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆனாலும் பொறுமையாக விளக்கினார். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும், புண் ஆழமாகி இரத்தக் குழாயைத் தொட்டுவிடும். மெதுவாகக் கசிகிற இரத்தம் வயிற்று அமிலத்தில் ஊறிக் கறுத்துப்போகும், வாந்தியில் வந்தால் கோப்பித் தூள் மாதிரியே இருக்கும், கீழே போனால் தார் மாதிரி ஒட்டும். சிவப்பாக வந்தால் அந்த நிமிடமே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கறுப்போ சிவப்போ, கொஞ்சமோ நிறையவோ, உடனே சொல்ல வேண்டும், முடிந்தால் ஒரு படம் பிடித்தாவது வைக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றும் என் வீட்டில் நடந்தது.

பை பையாக இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் புண்ணை அடைத்தார்கள். மறுநாள் கண் திறந்து என்னைப் பார்த்தார், பேச முடியவில்லை. அதற்கு அடுத்த நாள் அடைத்த இடம் மறுபடி திறந்துகொண்டது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அந்த டாக்டர் பெண்ணைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "அந்த ரெண்டு மணி நேரம் முந்தி உள்ள கொண்டு போயிருந்தா?"

"அப்படியெல்லாம் யோசிக்காதீங்க ஆன்டி" என்றார். அது பதில் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்து எத்தனையோ பேருக்கு அந்த மாதிரிப் பதிலை நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. யார் வந்தாலும் "விதி" என்றார்கள், "நீ எவ்வளவு பாத்துக்கிட்ட" என்றார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்றுகூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், அவர்களே பார்த்துக் கண்டுபிடித்திருப்பார்கள். பயந்து அழுதிருந்தால்கூடப் போதும். இன்றும் அதே கவுண்டரில்தான் உட்காருகிறேன், சோறு வேண்டுமே. யாராவது மிஸ்ஸி என்று கூப்பிட்டால் எழுந்து பின்பக்கம் போய்விடலாம் போல இருக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த ஒட்டுக்கடைக்காரர் வந்திருந்தார். கையில் ஒரு பை பழம். ஓரமாக நின்று ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று ஆரம்பித்தார். நான்தான் மனம் தாங்காமல், அன்றைக்கு ஏன் அவருக்கு வெறும் வயிற்றில் கோப்பி கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். பழியை யார் மீதாவது கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும் போலிருந்தது.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். "கோப்பியா? அண்ணன் கோப்பிய விட்டு மூணு வாரத்துக்கு மேல ஆச்சேக்கா. வயித்துக்கு ஒத்துக்கலன்னு சுடுதண்ணி மட்டும்தான் கேப்பாரு. அன்னிக்கும் அதான். உங்ககிட்ட சொல்லலயா?"

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று அவசரப் பிரிவுக் கவுண்டரில் "கோப்பி சாஜா" என்று நான் சொன்னபோது என் கணவர் பின்னாலிருந்து என் கையைத் தொட்டார்.

"இல்லம்மா, நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க, நான் சொல்லிக்கிறேன்" என்றேன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் சும்மா இருந்துவிட்டார்.