மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தவர்

எழுபதுகளின் கடைசியில் நான் தேயிலைத் தோட்ட மலையூரான தானா ராத்தாவில் வாத்தியார். எஸ்டேட் முச்சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவரைப் பார்ப்பேன். கம்பளித் தொப்பி, கறுத்த தடித்த கைகள், கால்களை மூடிய சாரோங் கைலி. செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போவார். லயத்து வீட்டிலிருந்து சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வருவார். வந்ததும் மதகுக் கட்டைக்கு மாறி உட்கார்ந்து, நாற்காலியைத் தேயிலைச் செடிக்குப் பின்னால் தள்ளிவிடுவார். பஸ் நின்ற பிறகுதான் அதை எடுக்கச் சொல்வார்.

"ஏண்ணே ஒளிச்சு வைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நாற்காலியப் பாத்தா டிரைவர் நிறுத்த மாட்டான் சார். தூக்கி ஏத்த நேரமாவுதாம். நிறுத்திட்டான்னா ஏத்தித்தானே ஆவணும்லா."

கொஞ்ச நாளில் டிரைவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கட்டையில் ஆள் உட்கார்ந்திருந்தாலே நிறுத்தாமல் போனான். செவ்வாய்க்கிழமைகளில் எல்லோரும் முந்தின வளைவுக்கே நடந்துபோய் ஏற ஆரம்பித்தார்கள்.

"நீங்களாச்சும் இங்கயே நில்லுங்க சார். உங்களுக்காகவாவது நிறுத்துவான்."

நின்றேன். பஸ் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய் நானும் வளைவில் ஏறினேன். முச்சந்தி வந்தது. அன்றைக்கு அவர் எதையும் மறைக்கவில்லை. சாலையோரத்தில் நாற்காலியிலேயே உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். பஸ் வேகத்தைக் குறைக்கவில்லை.

பெல் கயிறு என் தலைக்கு மேலேதான் ஆடிக்கொண்டிருந்தது.