அப்பா மிச்சம் வைத்த சவர்க்காரம்

கையால் செய்த சவரச் சவர்க்காரம் என்றால் எனக்குப் பைத்தியம். சந்தனம், புகையிலை, தோல் என்று எந்த வாசம் கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். நேற்று வந்த டப்பாவில் எலுமிச்சை. மூடியைத் திறந்ததும் சின்ன வயதுக் குருநகர் வீட்டில் நின்றேன்.

போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்துக்குள் சவர்க்காரம் வருவதில்லை. பனம்பழக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். எலுமிச்சை மணக்கும் சவரக்கட்டி ஒன்றின் கடைசித் துண்டை அப்பா ஞாயிறு தேவாலயப் பூசைக்கென்று பொத்திப் பொத்திப் பாவித்தார். ஒருநாள், கடற்படையின் மீன்பிடித் தடையை மீறிக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

அண்ணைக்குத் தாடி அரும்பியிருந்தது.

“அம்மா, அந்தத் துண்டைத் தாங்கோவன்.”

“அது அப்பாவின்ரை. மனுசன் வந்து கேட்டால் என்ன சொல்லுறது? உன்ரை ஆட்டுத்தாடிக்கு வெறும் தண்ணியே போதும்.”

மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு காலை அம்மாவே அதை எடுத்து அண்ணையிடம் நீட்டினார்.

“வழிச்சுப்போட்டு வா தம்பி. பூசைக்கு நேரமாகுது.”

அண்ணை கை நீட்டவில்லை. “அப்பா வந்தால்?”

“வழி” என்றார் அம்மா.

எப்போதும் எங்களை முந்திக்கொண்டு கோயிலுக்கு நடக்கிற அம்மா, அன்று வழி முழுக்க அண்ணைக்குப் பின்னால், அந்த வாசத்துக்குள்ளேயே நடந்து வந்தார்.