நோலாவுக்கு ஒரு குறையும் இல்லை

அந்தப் பெண் காரை விட்டு இறங்கி வாசற்படியை உற்றுப் பார்த்ததுமே லான்ஸ் ட்ரெசைஸின் சந்தேகம் உறுதியாகிவிட்டது. உதவி செய்ய வருகிறவளுக்குப் படியில் என்ன வேலை? டாக்டர் சொல்லி அரசாங்கம் அனுப்பியவளாம், பெயர் டானிகாவாம். உதவியாம் உதவி! பக்கத்து வீட்டு வெர்னையும் இப்படித்தான் ஒருத்தி வந்து பார்த்தாள். குளிர்காலம் முடிவதற்குள் வெர்ன் முதியோர் இல்லத்தில் இருந்தான். மனைவி நோலாவையும் அப்படிக் கொண்டுபோய்விட்டால் கிழவர் தாங்குவாரா?

அதனால் மனுஷர் விடியும்போதே வேலையில் இறங்கியிருந்தார். கைகால் நடுக்கமும் காலில் ஆறாத புண்ணும் உள்ள மனைவிக்கு சர்ச் கவுனை மாட்டி, கோணல்மாணலாக உதட்டுச் சாயம் பூசி, நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் பிடித்துக்கொண்டு நடக்கும் நடைவண்டியைக் கொட்டகையில் ஒளித்தார். பேக்கரியில் வாங்கிய, இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டிகளை வீட்டுத் தட்டில் அடுக்கினார். மூன்டா ஊர்க்காரர்களே இப்படித்தான். கால் ஒடிந்து கிடந்தாலும், 'ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள்.

"நோலா தானாவே குளிக்கிறாங்களா?" என்று கேட்டாள் டானிகா.

"ஓ, ஜோரா!" என்றார் லான்ஸ்.

"சமையல்?"

"பாஸ்டியெல்லாம் அவ சுட்டதுதான். எடுத்துக்கோம்மா."

டானிகா ஒரு கடி கடித்தாள். "பேக்கரி பாஸ்டி மாதிரியே இருக்கே!"

கள்ளி, எல்லாம் தெரிந்துதான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"லான்ஸ், என் வண்டியைக் கொண்டு வா. நான் பாத்ரூம் போகணும்," என்றாள் நோலா.

"கொஞ்சம் பொறு."

"இவ்வளவு நேரமா பொறுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? இந்தக் கவுனை நீதான் துவைக்கணும், பாத்துக்கோ."

கொட்டகைக்குப் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! நோலாவின் அக்குளில் கைகொடுத்து அவரே தூக்கினார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவரும் சாய்வதற்குள் டானிகா பாய்ந்து தாங்கிப் பிடித்து, நோலாவை பாத்ரூமுக்கு நடத்திப் போனாள். லான்ஸ் சுவரைப் பிடித்தபடி நின்றார். போச்சு, எல்லாம் போச்சு.

நோலா திரும்பி வந்ததும் அவர் வெடித்தார். "சரி, பாத்துட்டே இல்ல? என்னைக்கு இவளைக் கூட்டிட்டுப் போகப்போறே?"

"எங்கே கூட்டிட்டுப் போறது?" டானிகா விழித்தாள். "இதே வீட்ல இருக்கிறதுக்குத்தான் இந்த உதவி. காலையில ஒருத்தர் வந்து குளிப்பாட்டுவாங்க. கால் புண்ணுக்கு நர்ஸ் வந்து கட்டுப் போடுவாங்க. ஒரு குறையும் இல்லைன்னு நீங்க சொன்னதை நான் நம்பியிருந்தா, எதுவும் கிடைச்சிருக்காது."

"அப்போ வெர்ன்?"

"வெர்னை யாரும் தூக்கிட்டுப் போகல, முட்டாளே," என்றாள் நோலா. "அவனே கேட்டுத்தான் போனான். உனக்கு எப்பவும் என்னைக் கொண்டுபோயிடுவாங்கன்னே பயம். என் பயம் என்னன்னு ஒரு நாளாவது கேட்டியா? நீ விழுந்தா போன் வரைக்கும் போக என்னால முடியாது, லான்ஸ். நீ தரையில கிடப்பே, நான் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும்."

லான்ஸ் திரும்பி போனைப் பார்த்தார்.

டானிகா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். "இந்த உதவிக்கு உங்களுக்கும் தகுதி இருக்கலாம். நீங்க எப்படிக் குளிக்கிறீங்க?"

'ஜோரா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நோலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்கா குளிச்சு ரொம்ப நாளாச்சும்மா," என்றார். "அந்த நேரத்துல இவ விழுந்துட்டா?"