தாலி கட்டும் நேரத்து வலக்கண்

அரிசியின்மேல் எனக்கு இப்படியொரு கோபம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சாப்பிடுகிற அரிசி அல்ல, கல்யாணத்தில் எறிகிற அட்சதை.

புலம்பெயர்ந்த எங்கள் சனம் கடை போட்டிருக்கிற லா சப்பலில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. ரூ காய் என்கிற தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேலே எனக்கொரு சின்ன அறை. அங்கே ஏறி வந்த மணப்பெண் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அண்ணை, அப்பாவுக்கு விசா குடுக்கமாட்டினமாம். யாழ்ப்பாணத்திலை இருந்தே தாலி கட்டுறதைப் பாக்கவேணும். பக்கத்திலை நிண்டு பாக்கிறமாதிரி."

முகத்தில் மாட்டிப் பார்க்கிற முப்பரிமாணக் கண்ணாடி ஒன்றை அவருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தாள். நான் இரண்டு லென்ஸ் கமரா வாங்கிய புதுசு. தலைகால் புரியாமல் ஒப்புக்கொண்டேன்.

கல்யாணத்தை எடுத்தது பெரிய வேலையில்லை, கோப்பைச் சுருக்குவதுதான் தலையிடி. கண்ணுக்கொன்றாக இரண்டு வீடியோ. அப்படியே அனுப்பினால் அங்கே தரவிறங்கி முடியாது. அதற்கொரு வழி உண்டு. இடக்கண்ணின் படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, வலக்கண்ணுக்கு அதிலிருந்து மாறுவதை மட்டும் எழுதினால் போதும். இரண்டு கண்ணும் பார்ப்பது ஏறக்குறைய ஒன்றுதானே. நொடிக்கு இவ்வளவு தரவுதான் என்று இறுக்கமாக ஒரு வரம்பும் வைத்தேன். கணினித் திரையில் ஓட்டிப் பார்த்தேன், துளி பிசிறில்லை. அன்றே அனுப்பினேன். சனிக்கிழமை புறநகரான பியர்ஃபித்தில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு எடுக்க இருந்ததால், மூலப்படம் இருந்த மெமரி கார்டுகளையும் வேறு பிரதி வைக்காமல் அழித்தேன்.

நாலு நாள் கழித்து, சும்மா ஓர் ஆசைக்கு என்னிடமிருந்த முப்பரிமாணக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். கெட்டிமேளம் தொடங்கியதும் வலக்கண் சதுரம் சதுரமாக உடைந்தது. எங்கள் சனம் வீடியோக்காரனுக்குப் பின்னால் நின்றுதான் அட்சதை எறியும். லென்ஸை உரசிக்கொண்டு பறக்கிற அரிசி இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு இடத்தில் தெரியும். எல்லாமே மாற்றம், எழுத இடமில்லை. முடிச்சு விழுகிற நேரத்தில் பெண்ணின் கழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் கட்டங்கள். கணினித் திரை எனக்குக் காட்டியது இடக்கண்ணை மட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத் தொழில்காரன் செய்கிற வேலையா இது? என்னை நானே அறையவேண்டும் போலிருந்தது.

அவளிடம் எப்படிச் சொல்வதென்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் தகப்பனே தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, நல்லா எடுத்திருக்கிறியள். தாலி கட்டேக்கை மட்டும் வலப்பக்கம் குழம்பிப்போச்சு. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு பாத்தனான். பிள்ளை நல்ல வடிவு."

"ஓம் ஐயா," என்றேன்.

"ஒற்றைக் கண்ணாலை பாத்தா வெறும் படம்மாதிரித்தான் கிடக்கு, தம்பி. மற்ற இடமெல்லாம் கை நீட்டினாத் தொடலாம் போலை. அந்த இடத்தை மட்டும் திருப்பி அனுப்பேலுமே?"

மூலப்படத்தையே அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன்.